மெனுவை விட்டுவிட்டு அடுக்களைக்குள் போவோம்: டெக் கம்பெனிகள் ஃபாஸ்ட் ஃபுட் கடைகளாக இருந்தால்

ஆப்பிள் எந்த பர்கர் கடை, கூகுள் எந்த பீட்சா கடை என்று பொருத்திப் பார்ப்பது பலருக்கும் பிடித்த விளையாட்டு. பெரும்பாலும் அது லோகோவோடும் விலையோடும் நின்றுபோகிறது. பளபளப்பும் விலையும் கூடுதலா, ஆப்பிள். திரும்பிய பக்கமெல்லாம் கிளையா, மைக்ரோசாஃப்ட். இப்படி ஆடினால் ஐந்து நிமிடத்தில் ஆட்டம் முடிந்துவிடும். கவுன்டரைத் தாண்டி உள்ளே போனால் விஷயம் வேறு மாதிரி விரிகிறது. ஏனென்றால் இரண்டு தொழிலுக்கும் சிக்கல் ஒன்றுதான்: யாரென்று தெரியாத ஆட்கள், எப்போது என்று தெரியாமல், கும்பலாக வந்து, நேற்றுக் கிடைத்தது போலவே இன்றும் வேண்டும், இப்போதே வேண்டும் என்கிறார்கள்.

அதற்கு இருக்கும் விடையும் ஒன்றுதான். வேலையை இரண்டாகப் பிரிக்க வேண்டும். ஆர்டர் வருவதற்கு முன்பே முடித்து வைப்பது ஒரு பகுதி, வந்த பிறகு செய்வது மறு பகுதி. இந்தக் கோட்டை எந்த இடத்தில் போடுகிறார்கள் என்று பார்த்தால் எந்தக் கம்பெனி எந்தக் கடை என்பது தானாகத் தெரிந்துவிடும்.

முதலில் 1948. கலிஃபோர்னியாவின் சான் பெர்னார்டினோவில் ரிச்சர்ட், மாரிஸ் மெக்டொனால்ட் சகோதரர்கள் நன்றாக ஓடிக்கொண்டிருந்த தங்கள் கடையை மூன்று மாதம் மூடினார்கள். 25 வகை இருந்த மெனுவை 9 ஆக்கினார்கள். கார் அருகே வந்து பரிமாறும் ஆட்களை நிறுத்தினார்கள். பீங்கான் தட்டும் கரண்டியும் போய்க் காகிதம் வந்தது. அதோடு பாத்திரம் கழுவும் வேலையே இல்லாமல் போயிற்று. பர்கரின் விலையை 15 சென்ட் ஆக்கினார்கள். பிறகு புதிய கட்டடம் கட்டும்போது, டென்னிஸ் மைதானத்தில் சாக்பீஸால் அடுக்களையை முழு அளவில் வரைந்து, பணியாளர்களை அதன்மேல் நடக்கவிட்டு, யார் யாரோடு இடித்துக்கொள்கிறார்கள் என்று பார்த்துக் கோடுகளை அழித்து அழித்துத் திருத்தினார்கள். ஒரு மென்பொருள் குழு நிரல் எழுதுவதற்கு முன் செய்ய வேண்டிய வேலை அச்சு அசலாக இதுதான்.

ஆப்பிளில் இதே வேலை ஐம்பது ஆண்டு கழித்து நடந்தது. 1997-ல் திரும்பி வந்த ஸ்டீவ் ஜாப்ஸ், பெயர் நினைவில் நிற்காத அளவுக்குப் பெருகியிருந்த மாடல்களை வெட்டி, நான்கு கட்டங்கள் போட்டார்: வீட்டுக்காரருக்கு ஒரு மேசைக் கணினி, ஒரு மடிக்கணினி, தொழில் செய்பவருக்கு ஒரு மேசைக் கணினி, ஒரு மடிக்கணினி. வெட்டியதில் கிடைத்த லாபம் உதிரிபாகக் கிடங்கில் மட்டும் இல்லை. மெனுவில் ஓர் அயிட்டம் கூடினால் வேலை ஒரு மடங்கு கூடுவதாகத் தோன்றும். உண்மையில் பெருக்கலாகக் கூடும். வேண்டும், வேண்டாம் என்று சொல்லக்கூடிய ஆறு சேர்மானங்கள் ஒரு பர்கரில் இருந்தால் 64 விதமான பர்கர்கள் சாத்தியம். பத்து ஆன்-ஆஃப் அமைப்புகள் உள்ள மென்பொருளுக்கு 1,024 நிலைகள். அத்தனையையும் யாரும் சோதித்துப் பார்ப்பதில்லை. பிழை வருவதெல்லாம் சோதிக்காத கூட்டணியில்தான்.

ஆனாலும் ஆப்பிளை மெக்டொனால்ட்ஸ் என்று சொல்ல மாட்டேன். அது இன்-என்-அவுட் என்ற அமெரிக்க பர்கர் கடை. அதுவும் 1948-ல், கலிஃபோர்னியாவின் பால்ட்வின் பார்க்கில் பிறந்த கடைதான். ஃபிரான்சைஸ் கொடுப்பதில்லை. கடையில் ஃப்ரீசர் கிடையாது, மைக்ரோவேவ் கிடையாது. அதனால் தன் விநியோகக் கிடங்கிலிருந்து வண்டி போய்ச் சேரக்கூடிய தூரத்துக்கு வெளியே அதனால் கடை திறக்க முடியாது. வளர்ச்சி மெதுவாக இருப்பதற்குக் காரணம் சோம்பல் இல்லை. சமையல் முறையே அந்த வேகத்தைத்தான் அனுமதிக்கிறது. ஆப்பிள் ஒரு முறை வெளியாட்களுக்குக் கதவைத் திறந்து பார்த்தது. 1995-ல் மேக் இயங்குதளத்தை மற்ற நிறுவனங்களுக்கு உரிமம் கொடுத்தது. அவர்கள் மலிவாகச் செய்த கணினிகள் புது வாடிக்கையாளர்களைக் கொண்டுவருவதற்குப் பதில் ஆப்பிளின் சொந்த வாடிக்கையாளர்களையே இழுத்துக்கொண்டன. 1997-ல் கதவு மூடப்பட்டது. பொருத்தம் ஓர் இடத்தில் மட்டும் பிசகும்: இன்-என்-அவுட் தன் இறைச்சியைத் தானே வெட்டி அரைக்கிறது, ஆப்பிள் ஐஃபோனைத் தானே பூட்டுவதில்லை, ஒப்பந்தத் தொழிற்சாலைகளிடம் கொடுக்கிறது. சமையல் குறிப்பு முழுக்கத் தன் பிடியில், சமைக்கும் கை வேறொருவருடையது.

சூடான பெட்டி, எண் போட்ட அட்டை

மெக்டொனால்ட்ஸில் 1990-களின் பிற்பகுதி வரை கவுன்டருக்கும் அடுக்களைக்கும் நடுவே சூடான சரிவுப் பெட்டி ஒன்று இருந்தது. பர்கர்களைச் சுற்றிக் கட்டி அதில் அடுக்கி வைப்பார்கள். ஆர்டர் வந்தால் எடுத்துக் கொடுப்பது மட்டுமே வேலை. ஒவ்வொரு வரிசைக்கும் பின்னால் ஓர் எண் அட்டை இருக்கும். கடிகாரத்தின் பெரிய முள் அந்த எண்ணைத் தொட்டதும் அந்த வரிசையில் மிச்சமிருப்பதைக் குப்பையில் போட வேண்டும். பத்து நிமிட ஆயுள் என்பதால், முள் 2-ல் இருக்கும்போது வைத்த வரிசைக்கு 4 என்ற அட்டை. எழுதத் தேவையில்லை, கணக்குப் போடத் தேவையில்லை, யாரையும் கேட்கத் தேவையில்லை.

மென்பொருளில், அடிக்கடி கேட்பதைத் தயாராக எடுத்து வைக்கும் இடத்தைக் கேஷ் (cache) என்று சொல்வார்கள். அது இந்தப் பெட்டிதான். காலாவதி நேரம் என்பது அந்த அட்டை. இரண்டிலும் கெடுவதும் ஒரே மாதிரி கெடும். ஆயுளை நீட்டினால் பழையது கைக்கு வரும். குறைத்தால் குப்பை பெருகும், அடுக்களை மூச்சுத் திணறும். வெங்காயம் வேண்டாம் என்று ஒருவர் சொன்னதும் பெட்டியில் இருக்கும் முப்பது பர்கரும் அவருக்குப் பயனில்லாமல் போகும். 1974-ல் பர்கர் கிங், உங்கள் விருப்பப்படி வாங்கிக்கொள்ளுங்கள் என்று விளம்பரம் செய்தபோது சரியாக இந்த மூட்டில்தான் அடித்தது. முன்பே கட்டி வைத்த பொருளால் தனி விருப்பத்துக்கு ஈடுகொடுக்க முடியாது.

மெக்டொனால்ட்ஸ் பிறகு பெட்டியை எடுத்துவிட்டு, ஆர்டர் வந்தபின் கட்டும் முறைக்கு மாறியது. ஆனால் கோட்டை முழுவதுமாக நகர்த்தவில்லை. அந்த நுணுக்கம்தான் எனக்கு மிகவும் பிடித்த இடம். இறைச்சி வில்லைகள் முன்பே வெந்து, ஈரமும் சூடும் காக்கும் அலமாரியில் இருக்கும். பன்னை வாட்டுவதும் சேர்மானம் வைப்பதும் மட்டும் திரையில் ஆர்டர் வந்த பிறகு. நேரம் அதிகம் பிடிக்கும், எல்லோருக்கும் பொதுவான வேலை முன்னால். நேரம் குறைவாகப் பிடிக்கும், ஆளுக்கு ஆள் மாறும் வேலை பின்னால்.

ட்விட்டர் தன் டைம்லைனை இதே இடத்தில்தான் வெட்டியது. ஒருவர் ட்வீட் போட்டதும், அவரைத் தொடரும் ஒவ்வொருவரின் பட்டியலிலும் அதை உடனே எழுதி வைத்துவிடுவார்கள். பயனர் செயலியைத் திறக்கும்போது தயாராக இருக்கும் பட்டியலை எடுத்துக் கொடுத்தால் போதும். சூடான பெட்டி. ஆனால் பல கோடிப் பேர் தொடரும் ஒருவர் ஒரு வரி எழுதினால் பல கோடி இடத்தில் எழுத வேண்டியிருக்கும். பாதி எழுதி முடிப்பதற்குள் முதலில் பெற்றவர் போட்ட பதில் வேறொருவருக்குப் போய்ச் சேர்ந்துவிடும். மூல ட்வீட்டுக்கு முன்பே பதில் தெரியும். ஆகவே பெரும்புள்ளிகளின் ட்வீட்டை மட்டும் முன்கூட்டி எழுதாமல், படிக்கும் நேரத்தில் கலந்தார்கள். வில்லை அலமாரியில், பன் ஆர்டருக்குப் பின். இதைத் தனியாகக் கண்டுபிடித்த இரண்டு தொழில்களும் ஒரே விடைக்கு வந்து சேர்ந்ததில் வியப்பில்லை. சிக்கலின் வடிவமே அந்த விடையைக் கேட்கிறது.

கூகுள் தேடலுக்குச் சரியான ஒப்பு ஃபிரைஸ். கடையில் அது கொதிக்கும் மூன்று நிமிடத்தை மட்டும்தான் நாம் பார்க்கிறோம். அதற்கு முன் தொழிற்சாலையில் உருளைக்கிழங்கைக் கழுவி, தோல் சீவி, வெட்டி, வெந்நீரில் வாட்டி, உலர்த்தி, எண்ணெயில் அரை வேக்காடு பொரித்து, உறைய வைத்து அனுப்பியிருப்பார்கள். 1960-களின் நடுவில் ஐடஹோவின் ஜே. ஆர். சிம்ப்ளாட் மெக்டொனால்ட்ஸுக்கு உறைந்த ஃபிரைஸ் கொடுக்கத் தொடங்கும் வரை ஒவ்வொரு கடையிலும் கிழங்கு சீவிக்கொண்டிருந்தார்கள். முதல் பொரிப்பில் உள்ளே மாவுச்சத்து வெந்து மென்மையாகிறது, மேற்பரப்பு ஈரம் இழக்கிறது. இரண்டாவது பொரிப்பு, சுமார் 170 டிகிரி செல்சியஸில், மேல் ஓட்டை மட்டும் மொறுமொறுப்பாக்குகிறது. கூடையை நிரம்பக் கொட்டினால் எண்ணெயின் சூடு சட்டென்று இறங்கும். நீராவி வேகமாக வெளியேறாது. எண்ணெய் உள்ளே ஊறித் துவண்டுவிடும். பாதிக் கூடைதான் போட வேண்டும்.

தேடலிலும் அப்படித்தான். நாம் சொல்லைத் தட்டிய பிறகு கூகுள் இணையத்தைப் போய்ப் பார்ப்பதில்லை. பக்கங்களை முன்பே எடுத்து வந்து, சொற்களாகப் பிரித்து, ஒவ்வொரு சொல்லுக்கும் அது எந்தெந்தப் பக்கத்தில் வருகிறது என்ற பட்டியலைத் தயாரித்து வைத்திருக்கிறது. புத்தகத்தின் கடைசியில் இருக்கும் சொல்லடைவு மாதிரி. மூன்று சொல் கேட்டால் மூன்று பட்டியலை எடுத்து, எல்லாவற்றிலும் பொதுவாக வருவதைப் பார்த்து, தரவரிசைப்படுத்தினால் போதும். உறைந்த மூட்டை தயாராக இருக்கிறது. எண்ணெயில் போட்டு எடுப்பதுதான் பாக்கி.

நெட்ஃபிளிக்ஸ் இன்னும் ஒரு படி மேலே போய், மூட்டையைக் கடைக்குள்ளேயே கொண்டுபோய் வைத்தது. படங்கள் நிரம்பிய தன் பெட்டிகளை இணையச் சேவை நிறுவனங்களின் வளாகங்களிலேயே நிறுவுகிறது. நாளை எந்த ஊரில் எது ஓடும் என்று கணித்து, யாரும் அதிகம் பார்க்காத அதிகாலை நேரத்தில் அவற்றை நிரப்பிவிடுகிறது. பண்டம் இறக்கும் லாரி கடை அடைத்த பிறகு வருவது எதற்காகவோ அதற்காகத்தான்.

வரிசையின் கணக்கு

காரிலிருந்து இறங்காமலே வாங்கிப் போகும் டிரைவ்-த்ரூ பாதையையும் கணினி சர்வரையும் ஒரே சூத்திரம் ஆள்கிறது. ஜான் லிட்டில் என்ற ஆய்வாளர் 1961-ல் நிரூபித்தது: உள்ளே இருப்பவர்களின் சராசரி எண்ணிக்கை, வரும் வேகத்தை உள்ளே தங்கும் நேரத்தால் பெருக்கினால் கிடைக்கும். மணிக்கு 60 கார், ஒவ்வொன்றும் 5 நிமிடம் என்றால் பாதையில் எப்போதும் சராசரியாக 5 கார் நிற்கும். பாதையில் 8 காருக்குத்தான் இடம் என்றால், உள்ளே தங்கும் நேரம் சராசரியாக 8 நிமிடத்தைத் தொடும்போது வால் சாலைக்கு வந்துவிடும். அடுத்து வருபவர் வரிசையைப் பார்த்துவிட்டுப் போய்விடுவார். அவர் எந்தக் கணக்கிலும் பதிவாக மாட்டார். மெதுவாகத் திறக்கும் இணையதளம் இழப்பதும் இவரைத்தான்.

இன்னொரு கணக்கை மேலாளர்கள் மறந்துவிடுகிறார்கள். ஒரே ஜன்னல், வருகையும் சேவை நேரமும் சீரில்லாமல் ஏறி இறங்குகின்றன. ஜன்னல் 50 சதவீத நேரம் வேலையாக இருந்தால் உள்ளே சராசரியாக ஒருவர். 80 சதவீதம் என்றால் 4 பேர். 90 என்றால் 9. 95 என்றால் 19. கடைசி ஐந்து சதவீதத்தைக் கறந்தெடுக்கப் பார்த்தால் வரிசை இரண்டு மடங்குக்கு மேல் ஆகிறது. சும்மா நிற்கும் சர்வரைக் கண்டு வயிறெரிகிறவர்கள் இந்த வரியை மேசையில் ஒட்டி வைத்துக்கொள்ளலாம்.

வரிசையைப் பிரிப்பதும் ஒரு கலை. பணம் வாங்கும் ஜன்னலில் 25 விநாடி, பொருள் கொடுக்கும் ஜன்னலில் 45 விநாடி என்றால், பணம் வாங்குவதை எவ்வளவு விரைவாக்கினாலும் மணிக்கு 80 காருக்கு மேல் போகாது. 45 விநாடிக்காரரிடம் ஓர் ஆளைச் சேர்க்க வேண்டும். ஒருவர் பன்னிரண்டு பர்கர் கேட்டுவிட்டால்? அவரை முன்னால் எண் போட்ட இடத்தில் நிறுத்திவிட்டு அடுத்தவரைக் கவனிப்பார்கள். தயாரானதும் கொண்டுபோய்க் கொடுப்பார்கள். நீண்ட வேலையைத் தனி வரிசைக்கு மாற்றி, முடிந்ததும் அறிவிப்பு அனுப்பும் மென்பொருள் இதைத்தான் செய்கிறது.

சாண்ட்விச் கடையான சப்வேயில் அது முடியாது. அங்கே ரொட்டி நகர நகர வாங்குபவரும் கூடவே நகர்கிறார். ஆர்டர் சீட்டு கிடையாது, திரை கிடையாது. என்ன வேண்டும் என்பது வாங்குபவரின் தலையில் இருக்கிறது. எந்த நினைவும் வைத்துக்கொள்ளாத சர்வருக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. இடையில் பணியாளர் மாறினாலும் ஒன்றும் கெடாது. ஆனால் அலுவலகத்துக்கே சேர்த்து வாங்க ஒருவர் ஐந்து சாண்ட்விச்சோடு நின்றால் பின்னால் இருக்கும் அத்தனை பேரும் நிற்க வேண்டியதுதான். இணையப் பக்கங்களைக் கொண்டுவரும் விதிமுறையான ஹெச்டிடிபியின் பழைய 1.1 பதிப்பில் ஒரு பெரிய கோப்பு பின்னால் வருவதையெல்லாம் மறித்து நின்றது இப்படித்தான். 2015-ல் வந்த ஹெச்டிடிபி 2 ஒரே பாதையில் பலவற்றைக் கலந்து அனுப்பக் கற்றுக்கொண்டது. அதற்கு அடியில், தரவைப் பொட்டலங்களாக வரிசை மாறாமல் சேர்க்கும் டிசிபி என்ற விதிமுறையில் ஒரு பொட்டலம் தொலைந்தால் மட்டும் எல்லாமே நின்றது. அதற்காகத்தான் மூன்றாம் பதிப்பு டிசிபியையே விட்டுவிட்டு க்விக் என்ற வேறொரு விதிமுறைக்கு மாறியது.

மனை யாருடையது

ரே கிராக் 1955-ல் மெக்டொனால்ட்ஸ் ஃபிரான்சைஸை விற்கத் தொடங்கியபோது விற்பனையில் 1.9 சதவீதம் வாங்கினார், அதில் 0.5 சதவீதம் சகோதரர்களுக்கு. மிச்சத்தில் கம்பெனி பிழைக்க முடியவில்லை. வழி காட்டியவர் ஹாரி சொன்னபோர்ன். 1956-ல் மனைக்கென்றே தனி நிறுவனம் தொடங்கப்பட்டது. இடத்தை நீண்ட குத்தகைக்கு எடுத்து, கடைக்காரருக்கு உள்வாடகைக்கு விடுவது. குறைந்தபட்ச வாடகை அல்லது விற்பனையில் ஒரு பங்கு, எது அதிகமோ அது. வருமானம் நிலைத்தது. அதைவிட முக்கியம், சமையல் விதியை மீறினால் இடத்தையே காலி செய்யச் சொல்லும் அதிகாரம் கைக்கு வந்தது.

ஆப்பிளின் ஆப் ஸ்டோர் இதே ஏற்பாடு. 2008-ல் திறந்தபோது செயலி விற்பனையில் 30 சதவீதம். 2021 முதல், ஆண்டுக்கு 10 லட்சம் டாலர் வரை சம்பாதிக்கும் சிறிய நிறுவனங்களுக்கு 15 சதவீதம். செயலியை எழுதுவது வேறொருவர், வாடிக்கையாளர் கால் வைப்பது ஆப்பிளின் மனையில். வன்பொருளில் இன்-என்-அவுட் ஆக இருக்கும் நிறுவனம் செயலிக் கடையில் மெக்டொனால்ட்ஸ் ஆகிவிடுகிறது. ஒரு கம்பெனிக்கு ஒரே கடைதான் என்று யாரும் விதி போடவில்லை.

இடத்தில் இருப்பவர் கண்டுபிடித்தது இடத்துக்காரரின் மெனுவுக்குப் போவதும் உண்டு. ஃபிலே-ஓ-ஃபிஷ் 1962-ல் சின்சினாட்டியின் லூ க்ரோன் செய்தது. பிக் மாக் 1967-ல் பென்சில்வேனியாவின் ஜிம் டெலிகாட்டி செய்தது. இருவரும் ஃபிரான்சைஸ் எடுத்தவர்கள். தலைமையகம் அவற்றை எல்லாக் கடைக்கும் கொண்டுபோனது. ஆப்பிள் 2002-ல் ஷெர்லாக் 3 என்ற தேடல் கருவியை இயங்குதளத்தோடு சேர்த்துத் தந்தபோது, ஏற்கெனவே அதே வேலையைச் செய்துவந்த வாட்சன் என்ற வெளிச் செயலிக்கு இடமில்லாமல் போயிற்று. வேறுபாட்டை விட்டுவிடக் கூடாது: டெலிகாட்டியின் கடையில் பிக் மாக் தொடர்ந்து விற்றது, அவருக்கும் லாபம் வந்தது. வாட்சனை எழுதியவர்களுக்கு அப்படி ஒரு கவுன்டர் மிஞ்சவில்லை.

மைக்ரோசாஃப்ட் கே.எஃப்.சி. ஹார்லண்ட் சாண்டர்ஸ் கடை கட்டி வளரவில்லை. 1952-ல் சால்ட் லேக் சிட்டியின் பீட் ஹார்மனில் தொடங்கி, ஏற்கெனவே கடை வைத்திருந்தவர்களிடம் போய், மசாலாவும் பிரஷர் குக்கரில் பொரிக்கும் முறையும் கொடுத்து, விற்கும் கோழி ஒவ்வொன்றுக்கும் சில சென்ட் வாங்கினார். மைக்ரோசாஃப்டும் கணினி செய்பவர்களிடம் போய், விற்கும் கணினி ஒவ்வொன்றுக்கும் பணம் வாங்கியது. ஒரு கட்டத்தில் அதன் டாஸ் இயங்குதளத்தைப் போட்டாலும் போடாவிட்டாலும் அனுப்பும் ஒவ்வொரு கணினிக்கும் கட்டணம் என்ற ஒப்பந்தம் வந்தது. தன் மசாலா படாத கோழிக்கும் சாண்டர்ஸ் காசு கேட்பது போன்றது அது. அமெரிக்க நீதித் துறையோடு 1994-ல் ஏற்பட்ட உடன்படிக்கையில் அது நிறுத்தப்பட்டது.

கே.எஃப்.சி. மசாலா பற்றி ஒரு சிறு குறிப்பு. 11 மூலிகை, மசாலாக்களில் ஒரு பாதியை ஒரு நிறுவனமும் மறுபாதியை இன்னொரு நிறுவனமும் கலக்கின்றன. அந்த இரண்டில் எதனிடமும் முழுக் குறிப்பு இல்லை. இதைக் கணினித் துறையில் ஒரு ரகசியத்தைப் பல பங்குகளாக்கிப் பலரிடம் கொடுக்கும் ரகசியப் பகிர்வோடு ஒப்பிடுபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கணினி விஞ்ஞானி ஆதி ஷமீர் 1979-ல் தந்த முறையில், தேவையான எண்ணிக்கைக்கு ஒரு பங்கு குறைந்தால்கூட ரகசியத்தின் ஒரு துளியும் தெரியாது. மசாலாவில் பாதியை வைத்திருப்பவருக்குப் பாதி தெரிந்துவிட்டது.

அமேசானின் இணைய சேவைப் பிரிவு, அதாவது ஏ.டபிள்யூ.எஸ்., டோமினோஸின் மாவு பிசையும் மையத்தைப் போன்றது. கடையில் மாவு பிசைவதில்லை. மையத்திலிருந்து உருண்டைகளாக வருகிறது. கடையில் விரிப்பது, தூவுவது, சுடுவது. 2006-ல் எஸ்3 என்ற சேமிப்புச் சேவையும் இசி2 என்ற வாடகைக் கணினிச் சேவையும் வந்தபின் புதிய நிறுவனம் சர்வர் வாங்கி அடுக்க வேண்டியதில்லை. அமேசான் செய்த கூடுதல் காரியம், அந்த மையத்தைப் போட்டியாளருக்கும் திறந்துவிட்டது. நெட்ஃபிளிக்ஸ் அமேசானின் வீடியோ சேவையோடு மோதிக்கொண்டே அமேசானின் சர்வரில் ஓடுகிறது. உணவுத் தொழிலில் இது எளிதாக நடக்கவில்லை. கே.எஃப்.சி., பீட்சா ஹட், டாகோ பெல் மூன்றும் பெப்சிகோவிடம் இருந்தபோது, பெப்சி வாங்கினால் போட்டியாளருக்குப் பணம் போகிறதே என்று மற்றக் கடைகள் தயங்கின. 1997-ல் பெப்சிகோ மூன்றையும் தனி நிறுவனமாகப் பிரித்துவிட்டது.

கெட்டுப்போகும் இடங்கள்

2018 பிப்ரவரியில் பிரிட்டனின் கே.எஃப்.சி. தன் விநியோகத்தைப் புதிய நிறுவனத்திடம், ரக்பியில் இருந்த ஒரே கிடங்கு வழியாக, ஒரே நாளில் மாற்றியது. கோழி வந்து சேரவில்லை. சுமார் 900 கடைகளில் பாதிக்கு மேல் மூடிக் கிடந்தன. அதற்குச் சுமார் ஓராண்டு முன், 2017 பிப்ரவரி 28-ல், எஸ்3 படுத்தது. சில சர்வர்களை மட்டும் எடுக்கக் கொடுத்த கட்டளையில் தட்டச்சுப் பிழை. எண்ணியதைவிட அதிகம் எடுக்கப்பட்டுவிட்டது. சுமார் நான்கு மணி நேரம் ஏராளமான தளங்கள் தடுமாறின. சேவை சரியாக இருக்கிறதா என்று காட்டும் பலகையே எஸ்3-ஐ நம்பி இருந்ததால் அதையும் மாற்ற முடியவில்லை. 2021 அக்டோபர் 4-ல் ஃபேஸ்புக் ஆறு மணி நேரம் காணாமல் போனபோதும் அதே கதை. தன் வலையமைப்புக்கு வழி சொல்லும் அறிவிப்புகளைத் தானே விலக்கிக்கொண்டது. சரிசெய்யும் கருவிகளும் அதே வலையமைப்பில்தான் இருந்தன. அடுக்களை சாவியை அடுக்களைக்குள் வைத்துப் பூட்டக் கூடாது.

மாற்றும் முறை தெரிந்ததுதான். முதலில் பத்துக் கடை. ஒரு வாரம். பழைய கிடங்கை இயக்கத்திலேயே வைத்திருத்தல். எந்த நிலை வந்தால் திரும்பிப் போவோம் என்பதை மாற்றத்துக்கு முன்பே எழுதி வைத்தல். திரும்பும் வழியை ஒரு முறையாவது நடந்து பார்த்தல். கடைசி இரண்டையும் பலர் விட்டுவிடுகிறார்கள்.

அமெரிக்காவில் 1993-ல் ஜாக் இன் தி பாக்ஸ் கடைகளின் பர்கரால் 700-க்கும் மேற்பட்டோர் ஈ கோலை தொற்றுக்கு ஆளானார்கள். நான்கு குழந்தைகள் இறந்தன. கிருமி சப்ளையரின் இறைச்சியில் வந்தது. அதைக் கொல்லும் சூட்டுக்கு வில்லையின் நடுப்பகுதி வரவில்லை. வாஷிங்டன் மாநிலம் 155 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது சுமார் 68 டிகிரி செல்சியஸ் கேட்டது. மத்திய அரசின் அளவு 140 தான். அதன் பிறகு அந்த நிறுவனம் அபாயப் புள்ளிகளை ஒவ்வொன்றாகக் குறித்து, அங்கங்கே அளந்து பதிவு செய்யும் முறைக்கு மாறியது. சப்ளையரிடம் சோதனை, கிடங்கில் சோதனை, தோசைக்கல்லில் சோதனை. ஒன்று தவறினாலும் அடுத்தது பிடிக்க வேண்டும். உயிர்ச்சேதத்தோடு எதையும் ஒப்பிட முடியாது. ஆனால் பரவும் விதம் ஒன்றே. 2024 ஜூலை 19-ல் கணினிப் பாதுகாப்பு நிறுவனமான கிரவுட்ஸ்ட்ரைக்கின் ஒரு தவறான கோப்பு ஒரே நேரத்தில் எல்லா இடத்துக்கும் போனதால் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் விழுந்தன. புதிய மென்பொருளைப் படிப்படியாக அனுப்பும் ஒழுங்கு, சிறு தரவுக் கோப்புதானே என்று அந்தக் கோப்புக்குப் பொருந்தாமல் விடப்பட்டிருந்தது. மசாலா பாக்கெட்டையும் இறைச்சியைச் சோதிக்கும் அதே கண்ணோடு சோதிக்க வேண்டும்.

ஒப்பீடு உடையும் இடத்தையும் சொல்லியாக வேண்டும். இரண்டாவது பர்கருக்கு இரண்டாவது இறைச்சி வேண்டும். மென்பொருளின் இரண்டாவது பிரதிக்கு ஏறக்குறைய எதுவும் வேண்டாம். கூகுளும் ஃபேஸ்புக்கும் இலவசமாகப் பரிமாறிவிட்டுத் தட்டுக்குக் கீழே விரிக்கும் காகிதத்தில் விளம்பரம் விற்றுப் பிழைக்க முடிவது இதனால்தான். அப்படிப் பிழைக்கும் பர்கர் கடை இருக்க முடியாது.

ஆனால் கேள்விக்கு விடை எழுதும் மொழி மாதிரிகளை நடத்தும் செயற்கை நுண்ணறிவு நிறுவனங்கள் வந்தபின் அந்த வேறுபாடு சுருங்கிவிட்டது. அங்கே ஒவ்வொரு விடைக்கும் அடுப்பு எரிகிறது. இவற்றைத்தான் பழைய அடுக்களையோடு வரிக்கு வரி ஒப்பிட முடியும். மாதிரி ஒவ்வொரு சொல் துண்டை எழுதும்போதும் தன் எடைகளை, அதாவது பயிற்சியில் கற்ற எண்களை, நினைவகத்திலிருந்து ஒரு முறை படிக்க வேண்டும். ஒருவருக்காகப் படித்தாலும் முப்பது பேருக்காகப் படித்தாலும் ஏறக்குறைய அதே நேரம். எனவே பலரின் கேள்விகளைச் சேர்த்து ஒரே தட்டில் போடுகிறார்கள். தொடக்கத்தில் ஒரு தட்டில் போட்டது எல்லாம் வெந்து முடியும் வரை அடுத்ததைப் போடாமல் காத்திருந்தார்கள். நீண்ட விடை ஒன்று மற்ற இடங்களை எல்லாம் சும்மா வைத்திருந்தது. இப்போது வெந்த வில்லையை எடுத்ததும் அந்த இடத்திலேயே புதியதை வைக்கிறார்கள். பலருக்கும் பொதுவான முன்னுரை இருந்தால் அதை ஒரு முறை வேகவைத்துச் சூட்டு அலமாரியில் வைத்துக்கொள்கிறார்கள். தட்டில் இடம் என்பது கிராபிக்ஸ் சிப்பின் நினைவகம். உரையாடல் நீள நீள அது பிடிக்கும் இடமும் நீளும். இடம் தீர்ந்தால் பாதி வெந்த ஒன்றைத் தட்டிலிருந்து ஓரம் தள்ள வேண்டும். மறுபடி இடம் கிடைக்கும்போது, வேறெங்கும் எடுத்து வைக்காமல் விட்டிருந்தால், அதுவரை பேசிய முழுவதையும் படித்து முதலிலிருந்து சூடேற்ற வேண்டும். விடை எழுதிக்கொண்டே வரும்போது நடுவில் சில விநாடி நின்று பிறகு தொடர்வதற்கு இதுவும் ஒரு காரணம்.